பொன்னி என்ற பெயரைச் சொல்லாமல்

டக், டக், பிறகு ஒரு சின்ன இழுப்பு, மறுபடியும் டக். பழைய திருச்சி விமான நிலையத்தின் மொசைக் தரையில் ஹீல்ஸ் போட்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்த சுகந்தியின் காலடி அது. அன்றைக்குத்தான் இந்த்ரநீல் ஏர்வேஸிலிருந்து அவளுக்கு நீலப் புடவையும் அந்தச் செருப்பும் வந்து சேர்ந்திருந்தன. காலை விமானம் போயிருந்தது, ஹாலில் பயணிகள் யாரும் இல்லை. கூட்டிப் பெருக்கும் அம்மாள்கூட துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். நான் கவுண்டருக்குப் பின்னால் குனிந்து, பெட்டிகளில் கட்டும் சீட்டுகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. நிமிராமலே அவள் எந்தத் தூணருகில் திரும்புகிறாள், எங்கே சுவரைப் பிடித்துக்கொள்கிறாள், எங்கே தைரியம் வந்து இரண்டு டக்கைச் சேர்த்து வைக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரிந்தது. “வனஜாக்கா, பாருங்களேன், விழுந்துருவேன்போல இருக்கு.” விழு என்றது மனசு. மெதுவா நட சுகந்தி என்றது வாய். இரண்டும் ஒரே மூச்சில் நடந்தன. முப்பது வருஷத்துக்குப் பிறகு வாய் சொன்னது லேசாகத்தான் ஞாபகம் இருக்கிறது. மனசு சொன்னது அப்படியே இருக்கிறது, அதன் பின்னால் அந்த டக் டக்கும்.

இப்போது அது கேட்பதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை. இது புதுக் கட்டடம். முகம் தெரியும் தரை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கூரை. வேலைக்கு இருக்கும் பெண்கள் எல்லோரும் ரப்பர் அடி வைத்த ஷூ போட்டிருக்கிறார்கள், பூனை நடப்பதுபோல் நடக்கிறார்கள். சற்று முன் இந்த்ரநீலின் வெளிநாட்டுப் பிரிவுப் பெண் ஒருத்தி மட்டும் ஹீல்ஸில் கடந்து போனாள், அவ்வளவுதான், அவளும் எப்போதோ போய்விட்டாள். நான் கேட் அருகில் ஒரு தூணோரமாக வீல்சேரில் வைக்கப்பட்டிருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல முடியவில்லை, வைக்கப்பட்டிருக்கிறேன். இடது கால் வைக்கும் பலகை இல்லை, அந்தக் கால் தொங்குகிறது. மடியில் கைப்பை, கைப்பைமேல் ஆங்கிலப் பேப்பர். சென்னையில் கண் ஆபரேஷன். டிக்கெட் எடுத்த மகன், “வீல்சேர் போட்டுட்டேம்மா, வரிசையில நிக்க வேணாம்” என்றான். தினமும் உறையூர் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்க் கீரை வாங்கி வருகிற கால் இது. எனக்கு எதற்கு வீல்சேர் என்று கேட்டால் கோபித்துக்கொள்வான். கேட்கவில்லை. இப்போது நடக்கக் கூடாது. பாத்ரூம் அதோ தெரிகிறது, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, பத்தடி நடந்தால் போதும், அடிவயிறு கனத்து அரை மணியாகிறது, ஆனால் எழுந்திருக்கக் கூடாது. அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜெனிட்டா என்று பெயர். வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தவள். இருபத்திரண்டு இருபத்து மூன்று இருக்கும், சின்னக் கணுக்கால், கெட்டியான பின்னல், பேசிக்கொண்டே தள்ளுகிறவள். “அம்மா எந்திரிச்சு நடந்துராதீங்க. வீல்சேர் பாசஞ்சர் நடந்தா கேமராவுல பாத்துட்டு எங்களைத்தான் கிழிப்பாங்க.” “யாரு கிழிப்பாங்க? உங்க கம்பெனியா?” “எங்க கம்பெனிக்கு ஏதும்மா வாய். இந்த்ரநீல்தான்.” கோட்டில் இந்த்ரநீல் சின்னம் குத்தியிருந்தாள். சம்பளம் கொடுப்பது விங்ஸ்டார் என்று ஒரு சின்னக் கம்பெனி. இந்த்ரநீலுக்காகச் சின்ன ஊர்களுக்கு விமானம் ஓட்டுகிறவர்கள். தள்ளுகிற வேகத்தில் இன்னொன்றும் சொன்னாள். இன்றைக்கு இந்த்ரநீல் ஆபீசர் டெல்லியிலிருந்து வந்திருக்கிறாராம். இந்த ஸ்டேஷனிலிருந்து ஒரே ஒருத்தியைத் தங்கள் கம்பெனிக்கே எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். இவளும் இன்னொருத்தியும் மிச்சம். “வேண்டிக்கோங்கம்மா. எடுத்தா நேர இந்த்ரநீல். எடுக்கலன்னா, இந்தக் காண்ட்ராக்ட் முடிஞ்சதும் வீட்டுக்கு.” முதுகுக்குப் பின்னால் வந்த குரல் என்பதால் என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நல்லது. என் முகம் என்னவாக இருந்தது என்று எனக்கும் தெரியாது. பாத்ரூம் போகணும் என்றேன். “கேட்டைத் திறந்ததும் முதல் வேலையா உங்களைக் கூட்டிட்டுப் போறேன், அவர் அங்க நிக்கிறார், இப்ப நகர முடியாது, ப்ளீஸ்மா.” கேட் திறக்கவில்லை. விமானம் தாமதம்.

கண்ணாடிக்கு வெளியே விமானம் நிற்கிறது. தயாராகத்தான் நிற்கிறது, ஏணி போட்டு, பெட்டிகள் ஏற்றி, இரண்டு பக்கமும் விசிறி வைத்த சின்ன விமானம். வால் முழுக்க நீலம், அதில் வெள்ளையாக ஒரு கல் படம். கதவுக்குப் பக்கத்தில், ஏறுகிறவன் குனிந்தால்தான் படிக்க முடியும், விங்ஸ்டார் என்று எழுதியிருக்கும். என் கண்ணுக்கு இப்போது தெரியவில்லை, இருக்குமிடம் தெரியும். எங்களுடையதிலும் அங்கேதான் இருந்தது. பொன்னி ஏர். முதலாளி தஞ்சாவூர்ப் பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், விமானத்தையும் வண்டி என்றுதான் சொல்வார். “வண்டி வந்துருச்சா வனஜா?” பொன்னி மஞ்சளாக இருந்தது, பழுத்த எலுமிச்சை மஞ்சள். இந்த்ரநீலோடு ஒப்பந்தம் போட்டபின் ஒருநாள் அது நீலமாக வந்து இறங்கியது. சுகந்தியும் நானும் ஓடுபாதை ஓரத்தில் நின்று பார்த்தோம், தெரிந்த ஒருத்தி வேறு வீட்டுப் பெண்ணாகத் திரும்பி வருவதைப்போல். வயிற்றடியில் மட்டும் ஒரு கோடு மஞ்சள் விட்டுப்போயிருந்தது. அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. புடவை என்ன நிறம், பொட்டு எவ்வளவு பெரிசு, பயணியிடம் பேசும்போது கை எங்கே இருக்கணும். வண்டி எப்போது கிளம்பும், எத்தனை நேரம் யாருக்காக நிற்கும் என்பதெல்லாம் பம்பாயில் தீர்மானமானது. தாமதமானால் தவறு பொன்னியுடையது, நேரத்துக்குப் போனால் பெருமை இந்த்ரநீலுடையது. முதலாளி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரிப்பார். “வண்டி நம்மது, டிக்கெட் அவங்களது, திட்டு நம்மது.” எல்லோரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பெல்லாம் அப்புறம் எங்கே போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலான கட்டளை ஒன்று இருந்தது. பொன்னி என்ற பெயர் மைக்கில் வரக் கூடாது.

மைக் என்னுடையது. அதைத்தான் சொல்ல வருகிறேன், யாரிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை, தூணிடம்தான். தமிழில் எம்.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான் அங்கே. பம்பாயிலிருந்து வந்த அறிவிப்புகளின் தமிழ், கல்லைக் கடிப்பதுபோல் இருக்கும். அதை எல்லாம் நான் உட்கார்ந்து மாற்றினேன். மூச்சு எங்கே விழுகிறதோ அங்கே சொல்லை நிறுத்தினேன். ‘காத்திருக்கும் உங்களை மறக்கவில்லை, இன்னும் சற்று நேரத்தில் அழைப்போம்.’ இதைச் சொல்லும்போது ஹாலில் அழுகிற குழந்தைகூட ஒரு கணம் நிற்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. யாரும்மா அது, ரேடியோவில பேசுறவங்களா என்று ஒரு பெரியவர் கவுண்டருக்கே வந்து கேட்டார். சுகந்திக்கு இந்தப் பேச்செல்லாம் கிடையாது. டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவள், என்னைவிட ஆறேழு வயசு இளையவள். இரும்பு நாற்காலியைத் தரையில் இழுப்பதுபோல் குரல். ஆனால் எந்தப் பெட்டி எந்த வண்டியில் போயிற்று என்று பார்க்காமலே சொல்வாள், ஏணியைத் தள்ளுவாள், மழையில் நனைந்தபடி வண்டியைக் கைகாட்டி நிறுத்துவாள், பைலட்டுகளைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வாள், எல்லோரும் அவளைத் தேடுவார்கள். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் நாலு பேர் வந்து நிற்பார்கள். என் டப்பாவை நானே திறந்து நானே மூடுவேன். பொறாமை அந்த நீலப் புடவையில் தொடங்கியது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லை. அந்த டப்பாவில் தொடங்கியது, அதற்கும் முன்னால் இருக்கலாம்.

பம்பாயிலிருந்து ஆள் வந்த நாள் மழை. இப்போது வந்திருப்பவனைப்போலத்தான் அவனும், தமிழ் தெரியாது, கையை முன்னால் கட்டிக்கொண்டு தூணோரம் நின்று எல்லோரையும் பார்ப்பான். ஒருத்தியை எடுப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். சுகந்தியே சொன்னாள், “அக்கா, பம்பாய் போயி எங்களை மறந்துராதீங்க.” நான் மைக்கை எடுத்தேன். கண்ணாடிக்கு வெளியே வண்டி நின்றது, மழை அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது, வயிற்றடியில் அந்த மஞ்சள் கோடு நனைந்து புதிதாகத் தெரிந்தது. பயணிகளின் அன்பான கவனத்திற்கு, சென்னை செல்லும் பொன்னி ஏர் விமானம். வாயிலிருந்து போய்விட்டது. நிறுத்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல் நின்றேன். தமிழ் தெரியாதவனுக்கும் பெயர் புரியும். எந்த மொழி வாக்கியத்துக்குள் போட்டாலும் பெயர் கல்லுப்போல் அப்படியே கிடக்கும். தூணோரம் நின்றவன் கட்டிய கையைப் பிரித்தான். அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. பவுடர் வாசனை, ஈர வளையல். சுகந்தியின் கை என் விரல்மேல் அமர்ந்து மைக்கின் பொத்தானை அழுத்தியது. குனிந்து, இரும்பு நாற்காலிக் குரலில், சென்னை செல்லும் இந்த்ரநீல் ஏர்வேஸ் விமானம் புறப்படத் தயாராக இருக்கிறது என்றாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை எதற்கு? முதல் தடவை எனக்காக என்றால், இரண்டாவது எதற்கு?

முப்பது வருஷமாக இந்த இடத்தில்தான் சக்கரம் சிக்குகிறது. அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே, “அவ உன்னைக் காப்பாத்தியிருக்கா வனஜா. இல்லாட்டி உன் வேலையே போயிருக்கும்” என்றார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். நான் அன்று அவருக்குத் தோசை ஊற்றவில்லை, ரசஞ்சாதத்தோடு விட்டுவிட்டேன். காப்பாற்றினாளா, பறித்தாளா. எடுத்தவள் கை நீண்டதா, கொடுத்தவள் கை நீண்டதா. எத்தனை தடவை அந்தக் கையை என் விரல்மேல் வைத்துப் பார்த்துவிட்டேன், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கைதான் தெரிகிறது. அவளைத்தான் எடுத்தார்கள், நீலப் புடவையும் ஹீல்ஸும் வந்தன, பம்பாய் போனாள். டக் டக் என்று போனாள். நான் மைக்கில் இந்த்ரநீல் இந்த்ரநீல் என்று பிழையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலத்தில் இந்த்ரநீல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, பொன்னி படுத்துவிட்டது, முதலாளி திரும்பவும் பஸ்ஸே கதி என்று போனார், நான் கல்லூரி அலுவலகம் ஒன்றில் சேர்ந்து ஓய்வும் பெற்றேன். ஒருநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பிள்ளை பிறந்து உடம்பு போட்டிருந்தாள். எடை கூடிவிட்டது என்று பயணிகள் பார்க்கும் கவுண்டரிலிருந்து உள்ளறை வேலைக்குத் தள்ளினார்களாம், பிறகு தரை வேலை முழுவதையும் ஒரு ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டு, வேண்டுமானால் அங்கே போய்ச் சேர் என்றார்களாம். “வந்துட்டேன்க்கா. பொன்னியில கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன். இங்க வந்து பாத்தா பொன்னியே இல்ல.” சிரித்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு, பெருவிரல்கள் இரண்டும் உள்பக்கமாக வளைந்திருந்தன. அப்போதாவது தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அவள் போய் வந்தவள். நான் போகாதவள். பம்பாய் மழை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வளைந்த விரலையும் பார்த்துப் பொறாமைப்பட ஒரு மனசால் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டாவது தடவையைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் பஸ் வந்துவிட்டது. போன ஐப்பசியில் அவள் இறந்துபோனதாகச் சொன்னார்கள். இனிமேல் கேட்க முடியாது.

கேட் அருகில் சத்தம். அடிவயிறு ஒருதரம் இழுத்துப் பிடித்து விட்டது. ஒரு நடுவயசுக்காரர் போர்டிங் பாஸை ஆட்டி ஆட்டி ஜெனிட்டாவிடம் கத்துகிறார். அவருக்கு மதியம் கோர்ட்டில் வேலையாம். “விமானம் நிக்குது, பைலட் உள்ள உக்காந்திருக்கான், கண்ணு இல்லையா எங்களுக்கு? எதுக்கு நிறுத்தி வச்சிருக்கே?” “சார், ஆபரேஷனல் ரீசன் சார்.” “அப்படின்னா என்ன? தமிழ்ல சொல்லு.” அவள் அதையே திரும்பச் சொன்னாள். போனில் எழுதி வந்ததைப் படிக்கிறாள், எந்தச் சொல்லுக்கும் மூச்சு இல்லை. எனக்கு எரிந்தது. இவளுக்கு மைக்கா, இவளுக்குப் போய் டெல்லியா. இந்தக் கணுக்கால் இன்னும் ரெண்டு மாசத்தில் டக் டக் என்று நடக்கும். நடக்கட்டுமே. நடந்தால் எனக்கென்ன. நடக்கக் கூடாது. “உங்கள மாதிரி ஆளுங்கள வச்சிக்கிட்டு சின்னக் கம்பெனி நடத்தறானுங்க பாரு, வக்கில்லாத பசங்க” என்றார் அவர். அவ்வளவுதான். ஜெனிட்டாவின் பின்னல் ஒரு சுற்றுச் சுழன்றது. “சார், வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. எங்க பிளைட் ரெடி. கிளம்பாதன்னு நிறுத்தி வச்சிருக்கிறது இந்த்ரநீல். சிங்கப்பூர்லருந்து அவங்க பெரிய பிளைட் லேட்டு, அதுல வர்ற ஆறு பேரு இதுல ஏறணும், அந்த ஆறு பேருக்காக இத்தனை பேரும் நிக்கணும். லேட்டுன்னு கேஸ் எழுதறது மட்டும் எங்க கம்பெனி மேல. திட்டணும்னா இந்த்ரநீலைத் திட்டுங்க, எங்களைத் திட்டாதீங்க.” கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. ஒருவர் கைதட்டினார். தூணுக்கு அந்தப் பக்கம், எனக்கு இரண்டடி தள்ளி, டெல்லி ஆபீசரின் கட்டியிருந்த கை பிரிந்தது.

அவன் என்னைத்தான் பார்த்தான். மடியில் ஆங்கிலப் பேப்பர் இருந்ததால் இருக்கலாம், இல்லை, நாற்காலியில் வைக்கப்பட்டிருக்கிற கிழவிக்கு இதில் என்ன லாப நஷ்டம் என்று நினைத்திருக்கலாம். இன்னொரு பெண்ணிடம் கேட்க மாட்டான், அவள் போட்டிக்காரி. குனிந்து மரியாதையாக, நல்ல ஆங்கிலத்தில் கேட்டான். அம்மா, மன்னிக்க வேண்டும், அந்தப் பெண் இரண்டு முறை எங்கள் பெயரைச் சொன்னாள், எங்களைப் பற்றி என்ன சொல்கிறாள்? இரண்டு முறை. அவனும் எண்ணியிருக்கிறான். சொல்லில் சொல்லாக அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். பொய்யே வேண்டாம். உள்ளது உள்ளபடி, இலக்கணம் பிசகாமல், நான் படித்த படிப்புக்கு. அவள் வீட்டுக்குப் போவாள், காண்ட்ராக்ட் முடிகிறவரைகூட வைத்திருக்க மாட்டார்கள், கழுத்தில் தொங்குகிற அட்டையை இங்கேயே வாங்கிக்கொள்வார்கள். எனக்கு ஒரு பாவமும் ஒட்டாது, நான் மொழிபெயர்த்தவள்தானே. நாக்கின் நுனியில் முதல் சொல் வந்து உட்கார்ந்தது, இனிப்பாகக்கூட இருந்தது. ஜெனிட்டா திரும்பி எங்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பேசி முடித்தபின்தான் என்ன பேசினோம் என்று தெரிந்த முகம். எனக்கு அந்த முகத்தைத் தெரியும். நான் அதைப் பார்த்ததில்லை, போட்டிருந்தேன்.

அவன் கேட்ட மொழியிலேயே சொன்னேன். இந்த்ரநீல் தன் பயணி ஒருவரைக்கூட விட்டுவிட்டுப் போவதில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருப்பவர்களுக்காகவே இந்த விமானம் காத்திருக்கிறது. நாளை நீங்கள் தாமதமானால் உங்களுக்காகவும் காத்திருக்கும் என்று சொல்கிறாள். சொல்லி முடித்தபோது என் குரல் பழைய இடத்திலிருந்து வந்திருந்தது, மூச்சு விழவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. அதில் பொய் அதிகம் இல்லை. அதே ஆறு பேர், அதே இந்த்ரநீல், அதே காத்திருப்பு. புடவையின் பின்பக்கத்தைத் திருப்பி முன்பக்கமாகக் காட்டுவது மாதிரி. அவன் நிமிர்ந்தான், அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான், எனக்கு உதடு அசைந்தது தெரிந்தது. “நல்ல பதில்” என்றான். ஜெனிட்டாவைப் பார்த்துத் தலையசைத்தான். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றான் என்னிடம். சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போதுதான், ஏன் சொல்கிறேன் என்று தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்காகவா, என் வாக்கியத்துக்காகவா, அவன் கேட்டதற்காகவா. கை போய் அழுத்திவிட்டது, அவ்வளவுதான். சுகந்தி, உனக்கும் இப்படித்தானா? இப்படித்தான் என்றால் நீ எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் நான் யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன்? இதை நினைத்ததும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். லேசாகவில்லை. அவன் அவளைப் பார்த்துத் தலையசைத்தது மறுபடி மறுபடி கண்ணில் வந்தது. என் வாக்கியம். அவளுக்குத் தலையசைப்பு.

ஆறு பேர் வந்தார்கள், சிங்கப்பூர்ச் சாக்லேட் பைகளோடு, யாரையும் பார்க்காமல். கேட் திறந்தது. ஜெனிட்டா ஓடி வந்து நாற்காலியைத் திருப்பினாள். “என்னம்மா கேட்டாரு அவரு? என்ன சொன்னீங்க? என் வேலை போயிருச்சா?” “நேரம் கேட்டார்” என்றேன். “பொய் சொல்லாதீங்கம்மா. அவரு கையிலயே வாட்ச் இருக்கே.” சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ, பாத்ரூம்!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். தள்ளிக்கொண்டு ஓடினாள். வாசலில் நான் எழுந்து நடந்தேன், இரண்டு காலிலும் நன்றாக, ஒரு பிடியும் வேண்டாமல். அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். “நீங்க நல்லா நடக்கிறீங்களேம்மா!” அந்தக் குரலில் இருந்த வியப்பை நான் உள்ளே போய்க் கதவைத் தாழிட்ட பின்னும் வைத்திருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருத்தி என் காலடியைப் பார்த்து வியந்திருக்கிறாள். தண்ணீர் ஓடும் சத்தத்தில் அழுதேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. திரும்பி வந்து ஒழுங்காக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன், கேமராவுக்காக. விமானத்துக் கதவருகில் என்னை விட்டுவிட்டு அவள் குனிந்து, “எனக்காக வேண்டிக்கிட்டீங்களாம்மா?” என்று கேட்டாள். கதவுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்து இருந்தது, நான் நினைத்த இடத்திலேயே. அதைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

கண் நன்றாக இருக்கிறது. ஒரு மாசம் கழித்துத் திரும்பி வருகையில் சென்னையிலும் விமானம் தாமதம். மைக்கில் ஒரு பெண் போனைப் பார்த்துப் படித்தாள்: இந்த்ரநீல் தன் பயணி ஒருவரைக்கூட விட்டுவிட்டுப் போவதில்லை, நாளை நீங்கள் தாமதமானால் உங்களுக்காகவும் காத்திருக்கும். மூச்சே விடாமல், கல்லைக் கடிப்பதுபோல் படித்தாள். துணைக்குக் கூட வந்த மகன், “நல்லாத்தான் எழுதறானுங்க” என்றான். திருச்சியில் வீல்சேர் தள்ள வந்தது வேறு பெண். ஜெனிட்டா எங்கே என்று கேட்டேன்.

ஜெனிட்டாவை இந்த்ரநீல் எடுத்துக்கொண்டதாம், டெல்லியில் இருக்கிறாளாம்.